மலை மாவட்டத்துப் பிள்ளைகளும் வணிகக் கப்பலும்: கேள்வி பதில்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்து மாணவர்களும் பெற்றோரும் அனுப்பிய கேள்விகளுக்கு, வணிகக் கப்பல்களில் தலைமைப் பொறியாளராகப் பணியாற்றி ஓய்வுபெற்று, இப்போது பாலக்கோட்டில் வசிக்கும் ஒருவர் அளித்த பதில்கள் இவை.

கேள்வி (காவேரிப்பட்டணம், மாங்கூழ் ஆலை ஊழியர்): கடலே இல்லாத நம் மாவட்டத்துக்கு, அரசு கப்பலுக்குப் பணம் ஒதுக்குவதால் என்ன பயன்?

உங்கள் ஆலையில் பீப்பாயில் அடைக்கும் மாங்கூழ் கன்டெய்னரில் ஏறித் துறைமுகம் சேர்ந்த பிறகு, அதைச் சுமக்க வரும் கப்பலின் பின்புறத்தைப் பாருங்கள். பெயருக்குக் கீழே பனாமா என்றோ மொன்ரோவியா என்றோ வெளிநாட்டுப் பதிவுத் துறைமுகம் எழுதியிருக்கும். நம் நாட்டின் வெளிநாட்டு வணிகச் சரக்கில் இந்தியக் கப்பல்கள் சுமப்பது ஏறத்தாழ 5 விழுக்காடுதான். 2021-இல் கன்டெய்னர் தட்டுப்பாடு வந்து கப்பல் வாடகை பல மடங்கு ஏறியபோது, கேட்ட தொகையைக் கொடுப்பதைத் தவிர நம் ஏற்றுமதியாளர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. 1906-இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கியபோது, எதிர்த்து நின்ற ஆங்கிலேய நிறுவனம் கட்டணத்தை அடிமட்டத்துக்குக் குறைத்தது. ஆட்சியும் அதன் பக்கமே நின்றது. அரசின் கை தாங்காமல் கப்பல் தொழில் நிலைக்காது என்பதை நாம் அப்போதே பட்டறிந்திருக்கிறோம்.

கேள்வி (ஓசூர்): அரசு உண்மையில் எதற்குச் செலவிடுகிறது?

2021-இல் ஒன்றிய அமைச்சரவை, அரசுச் சரக்கு இறக்குமதிக்கான ஒப்பந்தங்களில் இந்தியக் கப்பல் நிறுவனங்கள் போட்டியிட உதவும் மானியமாக, ஐந்து ஆண்டுகளுக்கு 1,624 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் அளித்தது. 2025 செப்டம்பரில் 69,725 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்று ஏற்கப்பட்டது; அதில் 25,000 கோடி கடல்சார் வளர்ச்சி நிதி, ஏனையவற்றில் பெரும்பகுதி கப்பல் கட்டுவதற்கு. இவற்றை நான் மனமார வரவேற்கிறேன். ஆனால் கப்பலுக்குப் போகும் ஒவ்வொரு ரூபாயோடும், அந்தக் கப்பலில் இத்தனை பயிற்சி மாணவர்களை ஏற்ற வேண்டும் என்ற கடமையும் சேர்ந்தே போக வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. ஏன் என்பதைப் பென்னாகரத்துத் தந்தைக்கான பதிலில் சொல்கிறேன்.

கேள்வி (அரூர், பிளஸ் டூ மாணவி): எங்கே படிக்கலாம்? கட்டணத்துக்கு உதவி உண்டா?

இயற்பியல், வேதியியல், கணிதம் படித்திருந்தால், 2008-இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு அமைந்த இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தின் பொது நுழைவுத் தேர்வை எழுதுங்கள். பெண்களும் தாராளமாகச் சேரலாம். பட்டியலினத்தவர், பழங்குடியினர் குடும்பங்களில் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். மற்றவர்களுக்குக் கல்விக் கடன் உண்டு. கடன் வாங்கும் முன்பே, ஒன்றிய அரசின் கப்பல் துறை இயக்ககம் (DG Shipping) அங்கீகரித்த மருத்துவரிடம் கண் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். நிறக்குருடு இருப்பது தெரிந்தால் கப்பல் செலுத்தும் பிரிவு அப்போதே இல்லையென்றாகிவிடும்.

கேள்வி (பென்னாகரம், ஒரு தந்தை): மகன் கப்பல் செலுத்தும் பிரிவில் ஓராண்டு டிப்ளமோ முடித்து எட்டு மாதமாக வீட்டில் இருக்கிறான். கப்பலில் ஏற்றிவிட நான்கு லட்சம் கேட்கிறார் ஒரு முகவர். கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். 2015-இல் இந்தியா ஏற்ற கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையின்படி, வேலை வாங்கித் தருவதற்காக மாலுமியிடம் கட்டணம் வாங்குவதே தவறு. அந்த முகவருக்கு ஆட்சேர்ப்பு உரிமம் இருக்கிறதா என்பதைக் கப்பல் துறை இயக்ககத்தின் இணையதளத்தில் பாருங்கள். என் அண்டை வீட்டுப் பையன் ஒருவனும் இப்படிப் பணம் கட்டினான். கையில் கிடைத்த நியமனக் கடிதத்திலிருந்த கப்பல், அதில் குறித்திருந்த பதிவு எண்ணில் எங்குமே பதிவாகியிருக்கவில்லை. நிலத்தை அடகு வைத்த பணம் அது.

உங்கள் மகன் மீது குறையில்லை; கப்பலில் பயிற்சிக்கு இடம் கிடைப்பதுதான் அரிதாக இருக்கிறது. அந்த டிப்ளமோவுக்குப் பின் பதினெட்டு மாதங்கள் கேடட்டாக, அதாவது பயிற்சி மாணவராக, கடலில் இருந்தால்தான் அதிகாரிக்கான தேர்வே எழுத முடியும். கேடட்டிடம் ஒரு பயிற்சிப் பதிவேடு இருக்கும். நங்கூரம் இறக்கியது, இரவுக் காவலில் நின்றது என ஒவ்வொரு வேலைக்கும் கப்பல் அதிகாரி பக்கம் பக்கமாகக் கையெழுத்திட வேண்டும். கரையில் எத்தனை கல்லூரி திறந்தாலும் அந்தக் கையெழுத்து கிடைக்காது. லாபத்துக்குப் பதிலாகக் கப்பலின் டன் அளவைக் கொண்டு வரி செலுத்தும் சலுகையை 2004 முதல் பெற்றுவரும் நிறுவனங்களுக்குப் பயிற்சி அளிக்கும் கடமை சட்டத்திலேயே உண்டு. தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் தவறினால் சலுகை பறிபோகும். புதிய மானியங்கள் அனைத்துக்கும் இதே நிபந்தனை வேண்டும் என்று நம் மக்களவை உறுப்பினருக்கு எழுதுங்கள், நானும் எழுதியிருக்கிறேன்.

கேள்வி (தேன்கனிக்கோட்டை): மற்ற நாடுகள் என்ன செய்கின்றன?

அமெரிக்காவில், நெருக்கடிக் காலத்தில் அரசுக்குப் பயன்படுவதாக உடன்படும் 60 கப்பல்களுக்கு ஆண்டுதோறும் உதவித்தொகை உண்டு. அங்குள்ள கிங்ஸ் பாயின்ட் வணிகக் கப்பல் கல்விக்கழகத்தில் கல்விக் கட்டணம் இல்லை. படித்து முடித்தவர் சில ஆண்டுகள் நாட்டுக்காகப் பணியாற்ற வேண்டும்.

கேள்வி (ஒகேனக்கல், பள்ளி மாணவர்): பரிசலைத் தவிர எதிலும் ஏறியதில்லை. நீச்சலும் அரைகுறைதான். சேரலாமா?

சேரலாம், தம்பி. கப்பலேறும் முன், உயிர்காப்பு அங்கி அணிந்து உயரத்திலிருந்து நீரில் குதிக்கவும், கவிழ்ந்த உயிர்காப்புத் தெப்பத்தை நிமிர்த்தவும் நீச்சல் குளத்தில் பயிற்சி தருவார்கள். ஆனாலும் இந்தக் கோடை விடுமுறையிலேயே, பெரியவர் ஒருவர் துணையோடு, ஆழமும் சுழலும் இல்லாத இடத்தில் நீச்சலை முழுமையாகக் கற்றுக்கொள்.