எம்.எஸ்.டபிள்யூ. படிக்கும் மகளுக்குப் புள்ளியியல் பயம்

வணக்கம் ஐயா. எம்.எஸ்.டபிள்யூ. என்ற சமூகப்பணி முதுகலை படிக்கும் மகள் புள்ளியியல் இன்டர்னலில் கோட்டை விட்டுவிட்டாள், "பேசாமல் பி.எட். போய்விடுகிறேன்" என்று அழுகிறாள், மாற்றிவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். பத்தாவதோடு கணக்கை விட்ட பிள்ளை என்பதுதான் உங்கள் கவலை. ஆனால் அந்தத் தாளில் இருக்கும் கணக்கு பெரும்பாலும் கூட்டல், வகுத்தல், வர்க்கமூலம். மிச்சத்தைக் கம்ப்யூட்டர் போட்டுக்கொடுக்கும். எதை அளக்கிறோம் என்று யோசிக்காமல் சூத்திரத்தை மனப்பாடம் செய்யும்போதுதான் பிள்ளைகள் சறுக்குகிறார்கள்.

போன வாரம் அவள் வந்தபோது ஃபீல்டுவொர்க்குக்குத் தயாரித்த கேள்வித்தாளைக் காட்டினாள். மூன்றாவது கேள்வி, "குடும்ப மாத வருமானம் எவ்வளவு?" பூ விற்கும் அம்மா ஒருவர், "முகூர்த்த நாள்னா ஆயிரம் வரும், மழை நாள்ல கைக்காசு போகும். மாசத்துக்குன்னு எப்படிச் சொல்றது கண்ணு?" என்றாராம். இவள் குத்துமதிப்பாக ஐயாயிரம் என்று எழுதிவிட்டாள். மறுவாரம் அதே அம்மாவிடம் கேட்டால் அதே விடை வருமா? அது நம்பகத்தன்மை. அந்த ஐயாயிரம் உண்மையிலேயே அவர் வருமானம்தானா? அது ஏற்புடைமை. தேர்வில் அவள் குழப்பி எழுதிய இரண்டு சொற்களும் அவள் கையெழுத்திலேயே இருந்தன! இந்தச் சிக்கல் அவளுக்கு மட்டும் வந்ததில்லை. நம் நாட்டில் வறுமையைக் கணக்கிட வருமானத்தை விட்டு, வீட்டுச் செலவைக் கேட்டு வாங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சராசரியையும் அந்தத் தெருவை வைத்தே சொன்னேன். நாலு பேர் மாதம் 8, 9, 10, 11 ஆயிரம் சம்பாதிக்கிறார்கள். ஐந்தாமவர் கல்யாண மண்டபங்களுக்கு மொத்தமாகப் பூக் கொடுப்பவர், 62 ஆயிரம். சராசரி 20 ஆயிரம். அந்தத் தெருவில் 20 ஆயிரம் வாங்குகிறவர் யாருமே இல்லை. வரிசையாக நிறுத்தி நடுவில் நிற்பவரைப் பார்த்தால் 10 ஆயிரம், அதுதான் இடைநிலை அளவு. அவளே சிரித்துவிட்டாள்.

அளவீட்டில் நான்கு வகை உண்டு என்று 1946-இல் எஸ்.எஸ். ஸ்டீவன்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் பிரித்துக் காட்டினார். மதம், சாதி, மாவட்டம் எல்லாம் வெறும் பெயர்கள். எண் கொடுத்தாலும் அது பஸ் நம்பர் மாதிரிதான். 'மிகத் திருப்தி, திருப்தி, அதிருப்தி' என்பதில் வரிசை உண்டு, ஆனால் படிகளுக்கு இடையே எவ்வளவு தூரம் என்று தெரியாது. வெப்பமானியில் இடைவெளி சமம், ஆனால் அங்கே பூஜ்ஜியம் என்றால் சூடே இல்லை என்று அர்த்தமில்லை, அதனால் 40 டிகிரி 20-ஐப் போல இரு மடங்கு சூடு ஆகாது. வயது, வருமானத்தில்தான் இரு மடங்கு என்று சொல்ல முடியும். முதுகலை ப்ராஜெக்ட் ஒன்றில் சாதிப் பிரிவுகளுக்கு 1 முதல் 4 வரை எண் போட்டு, 'சராசரி சாதி 2.7' என்று அட்டவணை போட்டிருந்ததை நானே பார்த்திருக்கிறேன். சாஃப்ட்வேர் தடுக்காது, கேட்டதைக் கொடுத்துவிடும்.

ஒரு வீட்டுப்பாடமும் கொடுத்திருக்கிறேன். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80.09 சதவீதம். யாரைச் சேர்த்தார்கள்? 7 வயது நிரம்பியவர்களில், ஏதாவது ஒரு மொழியைப் புரிந்துகொண்டு படிக்கவும் எழுதவும் தெரிந்தவர்களை. படிக்க மட்டும் தெரிந்த பாட்டி இதில் வரமாட்டார். பள்ளிக்கே போகாமல் எழுதப் படிக்கக் கற்றவர் வருவார். இப்படி ஐந்து புள்ளிவிவரங்களுக்கு வரையறை தேடி எழுதி வரச் சொல்லியிருக்கிறேன்.

வேலை விஷயம். யு.பி.எஸ்.சி. நடத்தும் இந்தியப் புள்ளியியல் பணிக்குப் புள்ளியியல் படித்த பட்டம் வேண்டும், அது இவளுக்கு இல்லை. அதை நினைத்து ஏங்க வேண்டாம். தொண்டு நிறுவனங்களில் திட்டக் கண்காணிப்பு, கள ஆய்வு மேற்பார்வை போன்ற வேலைகளுக்கு எம்.எஸ்.டபிள்யூ. போதும். ஆனால் கேள்வித்தாள் தயாரிக்கவும் எக்செல்லில் அட்டவணை போடவும் தெரிந்த பிள்ளையைத்தான் முதலில் எடுக்கிறார்கள்.

இப்போதைக்கு, பாடநூல் கழகத்தின் பிளஸ் ஒன் புள்ளியியல் புத்தகத்தை வாங்கிக் கொடுங்கள். மாதிரி எடுப்பு (எல்லோரையும் கேட்காமல் சிலரைத் தேர்ந்தெடுத்துக் கேட்பது), சராசரி, திட்டவிலக்கம் (எண்கள் சராசரியை விட்டு எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்ற அளவு), இந்த மூன்று பாடம் மட்டும், தினம் முக்கால் மணி நேரம். அப்புறம், அடுத்த சனிக்கிழமை அந்தக் கேள்வித்தாளைத் திருத்தி எடுத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள். மூன்றாவது கேள்வியை அவள் எப்படி மாற்றியிருக்கிறாள் என்று நான் பார்க்க வேண்டும்.