கேட்ச் கேன் வாங்குறதுக்கு முன்னாடி மூடியைத் திறந்து பாருங்க

இந்தத் தடவை வந்த கடுதாசியில பாதிக்கு மேல ஆயில் கேட்ச் கேன் பத்தித்தான். புதுசா படிக்கிறவங்களுக்கு சுருக்கமா சொல்லிடுறேன். எஞ்சின் ஓடும்போது பிஸ்டன் ரிங்கைத் தாண்டி கொஞ்சம் கேஸ் கீழ இறங்கும், அது எண்ணெய்ப் புகையையும் சேத்துக்கிட்டு பிசிவி வால்வு (ஒரு பக்கம் மட்டும் திறக்கிற அடைப்பான்) வழியா திரும்ப இன்டேக்குக்கு, அதாவது எஞ்சின் காத்து உறிஞ்சுற வழிக்குப் போகும். நடுவுல ஒரு டப்பா வச்சு எண்ணெயை மட்டும் பிடிச்சுக்கிறதுதான் கேட்ச் கேன்.

கும்பகோணம் வாசகர்: செகண்ட் ஹேண்ட்ல பென்ஸ் சி200 கொம்ப்ரஸர் வாங்கியிருக்கேன், எஞ்சினுக்குள்ள காத்தை அமுக்கித் தள்ளுற சூப்பர்சார்ஜர் வண்டி. ஒர்க்‌ஷாப்ல கேட்ச் கேன் போடச் சொன்னாங்க, எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு (எரிஞ்ச புகை வெளியேறுற சூடான குழாய்) பக்கத்துல இடம் இருக்குன்னு அங்கேயே மாட்டிட்டாங்க. கேன்ல சொட்டு எண்ணெய் சேரல, இன்டேக் பைப்பைக் கழட்டுனா உள்ள வழவழன்னு இருக்கு. இடம் மாத்த இன்னும் 6,500 ரூபா கேக்குறாங்க. குடுக்கலாமா?

குடுக்காதீங்க சார். தப்பான இடத்துல மாட்டுனது அவங்க, அதைச் சரி பண்ண வேண்டியதும் அவங்கதான். ஹோஸ் புதுசா தேவைப்பட்டா அந்தக் காசை மட்டும் குடுங்க, லேபர் ஒரு பைசா குடுக்காதீங்க. சண்டை போட்டா பழைய பில்லைக் காட்டுங்க, சேவைக் குறைபாடும் நுகர்வோர் சட்டத்துல வருது.

கேன் ஏன் காய்ஞ்சு கிடக்குன்னா, சோத்துப் பானை மூடியில நீர் கோத்துக்கிற மாதிரி எண்ணெய்ப் புகை குளிர்ந்த உலோகத்துல பட்டாத்தான் சொட்டா மாறும், மேனிஃபோல்டு சூட்டுல இருக்கிற கேன்ல அது புகையாவே நுழைஞ்சு புகையாவே வெளிய போயிடும். அதனால எக்ஸாஸ்ட்டுக்கு எதிர்ப்பக்கம், ஹெட்லைட்டுக்குப் பின்னாடியோ ஃபெண்டர் உள்பக்கமோ, ஓடும்போது காத்து படுற இடமா பாருங்க. பிராக்கெட்டை பாடியில மாட்டணும், எஞ்சின் ஆடும்ங்கிறதால ஹோஸ்ல கொஞ்சம் தளர்வு விடணும், ஃபேன் பெல்ட்டுல உரசக்கூடாது. அடியில இருக்குற, எண்ணெயை வடிக்கிற டிரெயின் திருகுக்குக் கை போகணும், போகலன்னா மாசக்கணக்கா யாரும் திறக்க மாட்டாங்க, அதான் நடக்குது.

ஹோஸ் விஷயம் இன்னும் முக்கியம். நடுவுல தொப்பை மாதிரி தொங்கவே கூடாது, அந்த வளைவுல எண்ணெயும் தண்ணியும் தேங்கி வழியை அடைச்சிடும், அடைச்சா எஞ்சினுக்குள்ள பிரஷர் ஏறி ஆயில் சீல் கசிய ஆரம்பிச்சிடும். உள்விட்டம் கம்பெனி ஹோஸை விடக் குறையக்கூடாது. சாதா ரேடியேட்டர் ஹோஸ் போட்டிருந்தா எண்ணெய் பட்டுப் பட்டு ஊதிப்போயிடும், எண்ணெய் தாங்குற நைட்ரைல் ரப்பர்னு கேட்டு வாங்குங்க.

இடத்தை விடப் பெரிய கேள்வி ஒண்ணு இருக்கு, அதை ஒர்க்‌ஷாப்காரர் உங்ககிட்ட சொல்லியிருக்க மாட்டாரு. சூப்பர்சார்ஜர் வண்டியில கேஸுக்கு ரெண்டு வழி. ஐடிலிங்ல, அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காம எஞ்சின் ஓடும்போது, இன்டேக் மேனிஃபோல்டு (காத்து எஞ்சினுக்குள்ள போற குழாய்) உறிஞ்சும், அப்ப பிசிவி வழியா போகும். ஆக்ஸிலரேட்டரை மிதிச்சு பூஸ்ட் (சூப்பர்சார்ஜர் தள்ளுற காத்தோட அழுத்தம்) ஏறுனா இன்டேக் மேனிஃபோல்டுல பிரஷர் வந்துடும், பிசிவி மூடிக்கும், கேஸ் பிரீதர் ஹோஸ் வழியா சூப்பர்சார்ஜருக்கு முன்னாடி இருக்குற பைப்புக்குப் போகும். அங்க போற எண்ணெய்தான் சூப்பர்சார்ஜரையும், அந்தக் காத்தைக் குளிர வைக்கிற இன்டர்கூலரையும் நனைக்குது, எரியிற அறைக்குள்ள போனா நாக்கிங்கும் (பெட்ரோல் தாறுமாறா வெடிச்சு எஞ்சின் தட்டுறது) வரும். உங்க கேன் எந்த லைன்ல இருக்குன்னு விரல் வச்சுக் காட்டச் சொல்லுங்க. பிசிவி லைன்ல மட்டும் இருந்தா கேனை எங்க தூக்கி வச்சாலும் பாதிப் பிரச்சினை அப்படியே இருக்கும். பிசிவி ஒழுங்கா மூடுதான்னும் பாக்கச் சொல்லுங்க, மூடலன்னா பூஸ்ட் நேரா கேனுக்கும் எஞ்சினுக்குள்ளயும் ஏறும்.

மன்னார்குடி வாசகர்: என் 150 சிசி பைக்குக்கு ஒண்ணு மாட்டலாமா அண்ணே? பாக்க நல்லாருக்கும்.

வேண்டாம் தம்பி. அந்தக் காசுக்கு நல்ல டயரா போடுங்க.

மயிலாடுதுறை, கல்லூரி மாணவர்: பார்ட் டைம் வேலை பாத்து சேத்த காசுல ஆன்லைன்ல 1,899 ரூபாய்க்கு கேட்ச் கேன் வாங்குனேன். 'உள்ளே பேஃபிள் உண்டு'ன்னு, அதாவது தடுப்புத் தகடு இருக்குன்னு போட்டிருந்தாங்க. மாட்டிட்டு சந்தேகம் வந்து திறந்தா உள்ள ஒண்ணுமே இல்ல. மாட்டுன பொருளைத் திரும்ப எடுக்க முடியாதுன்னு சொல்றாங்க.

தம்பி, நீங்க ஒரு தப்பும் பண்ணல. எனக்கும் இதே நடந்துச்சு, பளபளன்னு கருப்பு பெயின்ட் அடிச்ச டப்பா, கனமா வேற இருந்துச்சு, வீட்ல வந்து மூடியைத் திருகித் திறந்தா வர்ற ஓட்டையும் போற ஓட்டையும் எதிரும் புதிருமா, நடுவுல வெறும் குழி. இப்படி இருந்தா புகை இந்தப் பக்கம் வந்து அந்தப் பக்கம் போயிடும், எதுவும் நிக்காது. நல்ல கேன்ல தடுப்புத் தகடு இருக்கும், கம்பி வலையோ எஃகு நாரோ அடைச்சிருக்கும், புகை அதுல மோதித் திரும்பித் திரும்பிப் போகணும். அந்த ரெண்டு சாமானும் சேந்தாலும் விலை பெருசா ஏறாது, ஆனா வாங்குறவன் திறந்து பாக்க மாட்டான்ங்கிற தைரியத்துல அதை விட்டுட்டு விக்கிறானுங்க. இது மட்டமான பொருள் இல்ல, மோசடி. தகரக்குழிக்கு கேட்ச் கேன்னு பேர் வச்சு விக்கிற எவனையும் நான் மன்னிக்கத் தயாரா இல்ல. பாக்கெட்ல இறக்குமதி பண்ணவர் பேர், முகவரி, எந்த நாட்டுத் தயாரிப்புன்னு இருக்கணும், பல டப்பாவுல அதுவும் இருக்காது.

இப்ப நீங்க செய்ய வேண்டியது. விளம்பரப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுங்க, அழிச்சிடுவாங்க. திறந்த கேனை போட்டோ எடுங்க. 2020 இ-காமர்ஸ் விதிப்படி விளம்பரத்துல சொன்ன அம்சம் இல்லாத பொருளைத் திரும்ப எடுக்க மாட்டேன்னு விக்கிறவர் சொல்லவே முடியாது. அந்தத் தளத்தோட குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்க, 48 மணி நேரத்துல புகார் கிடைச்சதா சொல்லணும், ஒரு மாசத்துல தீர்க்கணும். கூடவே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் பண்ணிப் பதிவு பண்ணிடுங்க. அப்பவும் அசையலன்னா நீங்க குடியிருக்கிற மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்துலயே வழக்குப் போடலாம், விக்கிறவன் டெல்லியில இருந்தாலும் சரி. 5 லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்ல, ரெண்டு வருஷம் டைம் இருக்கு. 1,899 ரூபாய்க்கா இவ்வளவுன்னு யாராவது சொன்னா காதுல வாங்காதீங்க.

திருவாரூர் வாசகர்: புரோக்கர் மூலமா சூப்பர்சார்ஜர் கார் வாங்கினேன். போட்டோ பாத்து அட்வான்ஸ் குடுத்துட்டேன், மீதியும் கேஷ்தான். கேட்ச் கேன் 500 கிலோமீட்டர்லயே நிறைஞ்சிடுது. பெரிய கேன் வாங்கவா?

லட்சக்கணக்குல போற பொருளை போட்டோ பாத்து வாங்கிட்டு, ரசீதும் இல்லாம, இப்ப டப்பா சைஸைக் கேக்குறீங்க. கேன் நிறையிறது நோய் இல்ல, நோயைக் காட்டுது. ரிங் தேஞ்சிருக்கலாம், ஆயில் அதிகமா ஊத்தியிருக்கலாம். ஆயில் லெவலைப் பாத்துட்டு, சிலிண்டர்ல அழுத்தம் சரியா இருக்கா, எங்க கசியுதுன்னு காட்டுற கம்ப்ரஷன் டெஸ்ட்டும் லீக் டவுன் டெஸ்ட்டும் எடுங்க. புரோக்கரோட வாட்ஸ்அப் பேச்சு, பேங்க்ல பணம் எடுத்த விவரம், எதையும் அழிக்காதீங்க. இதை வாங்குறதுக்கு முன்னாடி எழுதியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

பட்டுக்கோட்டை வாசகர்: கேனுக்கு மேல சின்ன ஃபில்டர் போட்டு வெளியிலயே விட்டுட்டா ஹோஸ் தொல்லை இல்லன்னு மெக்கானிக் சொல்றாரு.

கேக்காதீங்க. பெட்ரோல் எஞ்சினோட கிராங்க்கேஸ் (பிஸ்டனுக்குக் கீழ இருக்குற அறை) புகையை வெளிய விடவே கூடாதுன்னு உமிழ்வு விதி இருக்கு. அதோட எண்ணெய் நாத்தம் ஏசி வழியா காருக்குள்ள வரும், எண்ணெய் சூடான எக்ஸாஸ்ட் மேல சொட்டுனா தீப்பிடிக்கவும் வாய்ப்பிருக்கு.

வலங்கைமான் வாசகி: ஐப்பசி மழை ஆரம்பிச்சதுலேருந்து கேன்ல மோர் மாதிரி வெள்ளையா வருதுங்க. ஹெட் கேஸ்கட் போச்சுன்னு 40,000 ரூபா சொல்றாங்க. கேன்ல வர்றதைத் திரும்ப எஞ்சின்லயே ஊத்தலாமா?

ஊத்தாதீங்கம்மா, அதுல தண்ணியும் பெட்ரோலும் கலந்திருக்கும். எஞ்சினைக் குளிர வைக்கிற கூலன்ட் தண்ணி எண்ணெயோட கலக்காம தடுக்கிற அடைப்புதான் ஹெட் கேஸ்கட், அதை இப்பவே கழட்ட விடாதீங்க. மழைக்காலத்துல கடைத்தெரு வரைக்கும் போயிட்டு வர்ற வண்டியில எஞ்சின் முழுசா சூடாகாம ஈரம் எண்ணெயோட கலந்து வெள்ளையாகும். கூலன்ட் லெவலைக் குறிச்சு வச்சு ரெண்டு வாரம் பாருங்க, தஞ்சாவூர் வரைக்கும் நல்லா ஓட்டிட்டு டிப்ஸ்டிக்கையும் (எண்ணெய் அளவு பாக்குற கம்பி) பாருங்க. கூலன்ட் குறையல, டிப்ஸ்டிக்கும் சுத்தமா இருக்குன்னா அந்த 40,000 உங்க கையிலயே இருக்கட்டும். குறைஞ்சா வேற ஒரு ஒர்க்‌ஷாப்ல பிரஷர் டெஸ்ட் எடுத்து எழுதி வாங்குங்க. கேன்ல வடிச்சதை வாய்க்கால்ல ஊத்திடாதீங்க, ஒர்க்‌ஷாப்ல பழைய ஆயில் பேரல் இருக்கும், அதுல சேத்துடுங்க.