தென்னந்தோப்பில் புல் வெட்ட மறுபடியும் லான் டிராக்டர் வாங்கலாமா?

அம்பாசமுத்திரம் பக்கம் 4 ஏக்கர் தென்னந்தோப்பு, பழைய லான் டிராக்டர் அடிக்கடி பெல்ட் அறுந்து நிற்கிறது, புதிதாக எதை வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

அதே வகையில் பெரிதாக வாங்கினாலும் இதே கதைதான். அது சமமான புல்தரைக்கு ஆன வண்டி. தோப்பில் கொதும்பும் மட்டையும் பிளேடில் சிக்கும். பிளேடு நின்றாலும் எஞ்சின் புல்லி சுற்றிக்கொண்டே இருப்பதால் பெல்ட் வழுக்கி, சூடேறிக் கருகும். பிளேடு சுற்றும் அச்சான ஸ்பிண்டிலின் பேரிங்கும் கூடவே போகும்.

டீசல் மினி டிராக்டரும் பின்னால் மாட்ட 4 அடி சிலாஷரும் (புல், புதர் வெட்டும் கருவி) எடுங்கள். சிலாஷர் அகலத்தில் அடிக்குச் சுமார் 5 எச்பி, அதுவும் பிடிஓவில் (டிராக்டரின் பின்னால் கருவியைச் சுற்ற வைக்கும் தண்டில்) வேண்டும். கடையில் சொல்வது எஞ்சின் எச்பி. பிடிஓவுக்கு வரும்போது 10 முதல் 15 சதவீதம் குறையும். எனவே 24 எச்பிக்குக் கீழே போகாதீர்கள். வாய்க்கால் பாசனக் களிமண் என்றால், ஐப்பசி மழையில் வழுக்காமலிருக்க நாலு சக்கர இழுவை அவசியம்.

சிலாஷர் பிளேடு போல்ட்டில் ஆடுவதாக இருக்கட்டும். கட்டையில் பட்டால் மடங்கி ஒதுங்கும். ஷியர் போல்ட் (அதிகச் சுமை வந்தால் தான் அறுந்து கியர்பாக்ஸைக் காப்பது) அறுந்தால் அதே கிரேடில்தான் மாற்ற வேண்டும். ‘கெட்டியா ஒண்ணு போடுதேன்’ என்பார் மெக்கானிக். விடாதீர்கள், அடுத்தது கியர்பாக்ஸ்தான்.

மரத்தைச் சுற்றி 6 அடிக்குள் வண்டி வேண்டாம், அங்கே வேர் அதிகம்; கையில் பிடித்து வெட்டும் பிரஷ் கட்டர் போதும்.

மானியம் வேண்டுமென்றால் முன்பணம் கொடுக்கும் முன்பே வேளாண்மைப் பொறியியல் துறையில் விண்ணப்பியுங்கள்.