ஐந்து கோல் வாங்கிய பிறகு

அன்புள்ள ஐயா,

நான் இங்கிலாந்துக் காற்பந்து அணியான டோட்டன்ஹாமின் ரசிகன். 17 வருடத்துக்குப் பிறகு கோப்பை வாங்கித் தந்த பயிற்றுநர் ஆஞ்ச் போஸ்டகோக்லுவை 16 நாளில் வீட்டுக்கு அனுப்பினார்கள். தாக்கியே ஆட வேண்டும் என்ற தன் கொள்கையைக் கடைசிவரை விட்டுக்கொடுக்காத மனிதர் அவர். "கொள்கை சோறு போடுமா?" என்கிறார் அப்பா. அவர் மான்செஸ்டர் யுனைடெட் ரசிகர். அன்றிலிருந்து எங்களுக்குள் சரியான பேச்சில்லை. கொள்கைக்காக நிற்பவனுக்கு இதுதான் மரியாதையா? ஜெர்சியைக் கழற்றி வைத்துவிட்டேன்.

க., பட்டர்வொர்த்

அன்புள்ள க.,

ஜெர்சியை எடுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். அது என்ன பாவம் செய்தது? நீக்கியது நியாயமா என்ற வழக்குக்கும் நான் வரவில்லை. லீக்கில் 38 ஆட்டத்தில் 22 தோல்வி, 17ஆவது இடம். நிர்வாகம் என்றால் கணக்குப் பார்க்கத்தான் செய்யும்.

ஆனால் அவர் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அது உண்மையில்லை தம்பி. 2023 நவம்பரில் செல்சியுடன் ஆடும்போது ஒன்பது பேராகக் குறைந்த பிறகும் தற்காப்பு வரிசையை நடுக்கோட்டருகே நிறுத்தினார். 4–1 தோல்வி. ரசிகர்கள் கைதட்டினார்கள். ஐந்து பேர் மிஞ்சினாலும் இப்படித்தான் ஆடுவோம் என்றார். உங்கள் மனதைப் பறித்தவர் அந்த மனிதர். 2025 மே மாதம் பில்பாவோவில், யுனைடெட்டுடன் ஆடிய அந்தக் கோப்பையின் இறுதி ஆட்டத்தில் நடந்தது வேறு. பிரென்னன் ஜான்சன் கோல் போட்ட பிறகு மொத்த அணியும் தன் கோல்கம்பத்துக்கு முன்னால் வந்து குவிந்துவிட்டது. தற்காப்பு ஆட்டக்காரர் வான் டி வென் அந்தரத்தில் பாய்ந்து கோட்டருகிலிருந்து பந்தை உதைத்து வெளியேற்றியபோது நமக்கு விடியற்காலை நாலரை மணி இருக்கும். கண் விழித்துப் பார்த்திருப்பீர்கள். பார்த்துவிட்டும் இப்படி எழுதினால் எப்படி? ஆட்டமுறையை அவர் மாற்றினார். அதற்குப் பிறகும் நீங்கள் அவரை விடவில்லை. அப்படியென்றால் நீங்கள் நம்பியது ஆட்டமுறையை அல்ல.

இது சில நாட்களாகவே என்னைக் குடைந்துகொண்டிருக்கிற விஷயம். காரணம் நம் ராஜகோபால். விடிய விடிய இங்கிலாந்து லீக் பார்க்கும் உங்கள் வயதுக்காரர்களிடம் அந்தப் பெயரைச் சொன்னால் யார் என்று கேட்கிறார்கள். கோபம் வருகிறது. கோலாலம்பூர் செத்தாபாக்கில் பிறந்த தமிழர். 2009இல் லாவோஸில் நடந்த சீ விளையாட்டில் (தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டி) 20 வருடத்துக்குப் பிறகு நம் மலேசியாவுக்குக் காற்பந்துத் தங்கம் வாங்கித் தந்த பயிற்றுநர். அதில் ஆடிய இளம் பையன்களை முதுகெலும்பாக வைத்துத்தான் அடுத்த வருடம் தென்கிழக்காசிய நாடுகள் மோதும் சுசுகி கோப்பைக்குப் போனார். முதல் ஆட்டத்தில் ஜகார்த்தாவில் இந்தோனேசியாவிடம் 5–1. அன்றிரவு மாமாக் கடையில் பேசாத பேச்சில்லை. பொடியன்களைக் கூட்டிக்கொண்டு போனால் இப்படித்தான் என்றார்கள். அவர் பொடியன்களைக் கைவிடவில்லை. தாய்லாந்துடன் கோல் இல்லாத சமநிலை, லாவோஸை 5–1, அரையிறுதியில் வியட்நாம். இறுதிக்கு வந்தால் எதிரே மறுபடியும் இந்தோனேசியா.

இறுதியின் முதல் ஆட்டம். டிசம்பர் 26 இரவு கோலாலம்பூரின் புக்கிட் ஜாலில் ஸ்டேடியத்தில் இருந்தேன். தோட்டத்து அணியில் பேக் ஆடிய என் மாமாவும் வந்திருந்தார். இரண்டாம் பாதி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் இந்தோனேசிய ஆட்டக்காரர்கள் மைதானத்தை விட்டு வெளியேறினார்கள். நம் ஆட்கள் அவர்கள் முகத்தில் பச்சை லேசர் அடித்ததுதான் காரணம். எங்களுக்கு முன் வரிசையிலும் ஒரு பையன் அடித்துக்கொண்டிருந்தான். மாமா எழுந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தார். "ராஜகோபால் பிள்ளைங்க அடிப்பானுங்கடா. இத உள்ள வை." அவன் முறைத்துக்கொண்டே பையில் போட்டான். ஆட்டம் மறுபடி தொடங்கியது. 61ஆவது நிமிடம் சாஃபி சாலி, 68இல் அஷாரி, 73இல் மறுபடியும் சாஃபி. அந்தப் பையன் மாமாவைக் கட்டிப்பிடித்துக் குதித்தான்.

லேசர் அடித்தவனும் ராஜகோபால் பெயரைச் சொல்லித்தான் கத்தினான். ஆனால் அவனுக்கு நம்பிக்கை இல்லை. இருந்திருந்தால் எதிராளியின் கண்ணைக் குருடாக்க என்ன தேவை? நம் பையன்கள் முறையாக ஆடியே ஜெயிப்பார்கள் என்று அந்தப் பயிற்றுநர் நம்பினார். அவரோடு சேர்ந்து அதையே நம்புகிறவன்தான் ரசிகன். மற்றவன் ஜெயிக்கிற பக்கம் நிற்கிறவன். மூன்று நாள் கழித்து ஜகார்த்தாவில் நடந்த இரண்டாவது ஆட்டத்தில் நம் கோல்காப்பாளர் கைருல் ஃபாமி பெனால்டியைத் தடுத்தான். 2–1 தோற்றும் மொத்தத்தில் 4–2 என்று கோப்பை நம்முடையதானது. ஒரே மாதத்துக்கு முன் 5 கோல் வாங்கிய நாடு. ராஜகோபாலுக்கும் அந்த வேலை நிலைக்கவில்லை. 2013 முடிவில் போய்விட்டார். யாருக்குத்தான் நிலைத்தது?

கொள்கை சோறு போடுமா என்று கேட்டதற்காகப் பெற்றவரிடம் முகம் திருப்புவது மடத்தனம். சண்டை போட்டதே பெரிது, இதில் பேசாமல் வேறு இருப்பதா? இன்றைக்கே போய்ப் பேசுங்கள். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லையென்றால் 2010 டிசம்பர் 26 எங்கே இருந்தீர்கள் அப்பா என்று கேளுங்கள். யுனைடெட் ரசிகராகவே இருக்கட்டும், அதை மறந்திருக்க மாட்டார். பினாங்கு அணி அடுத்து சிட்டி ஸ்டேடியத்தில் ஆடும்போது அவரையும் ஃபெர்ரியில் கூட்டிக்கொண்டு வாருங்கள்.