எல்எல்.பி. இல்லாம நேரா எல்எல்.எம். சேரலாங்களா?

வணக்கம்ங்க அக்கா.

உங்க பொண்ணு, நம்ம அம்மணி, டெக்ஸ்டைல் பி.டெக். முடிச்சு திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில கம்ப்ளையன்ஸ் வேலை பார்க்குது, இப்போ சட்டம் படிக்கணும்னு ஒத்தக்கால்ல நிக்குதுன்னு எழுதியிருக்கீங்க. வெளிநாட்டுப் படிப்புக்கு அனுப்பற ஏஜென்சிக்காரர், "எல்எல்.பி. எதுக்குங்க, இங்கிலாந்துல ஒரே வருசத்துல எல்எல்.எம். முடிச்சுடலாம்"னு (எல்எல்.பி. அடிப்படைச் சட்டப் பட்டம், எல்எல்.எம். அதுக்கு மேல முதுநிலைப் பட்டம்) சொல்லி, கோபியில இருக்கற தோட்டத்துப் பத்திரத்தை வெச்சு லோன் போடச் சொல்றாராம். கையெழுத்துப் போடலாமான்னு கேட்டிருக்கீங்க. வேண்டாங்க. மிச்சமெல்லாம் அப்புறம் பேசிக்கலாம், பத்திரத்தை மட்டும் முதல்ல பீரோவுல வெச்சுப் பூட்டுங்க.

அவர் சொன்னது முழுப் பொய்யின்னா சுலபமா விலக்கியிருக்கலாம். ஆனா பாதி உண்மை. வேற பாடத்துல டிகிரி வாங்கினவங்களையும் எல்எல்.எம்.ல சேர்த்துக்கற பல்கலைக்கழகங்கள் இங்கிலாந்துல இருக்குதுங்க. அங்கேயே சொலிசிட்டரா, அதாவது அந்த ஊர் வக்கீலா ஆகறதுக்கும் 2021-ல இருந்து வழி மாறிடுச்சு. ஏதோ ஒரு டிகிரி, எஸ்.க்யூ.ஈ.ங்கற ரெண்டு கட்டத் தேர்வு, ரெண்டு வருச வேலை அனுபவம் இருந்தாப் போதும், சட்ட டிகிரி கட்டாயமில்லை. அவர் சொல்லாம விட்டது நம்ம ஊர்க் கதையை. வக்கீல்களையும் சட்டப் படிப்பையும் ஒழுங்குபடுத்தற இந்திய பார் கவுன்சிலோட 2020-ஆம் வருச முதுநிலைச் சட்டக் கல்வி விதிகள்படி, எல்எல்.பி. இல்லாம வெளிநாட்டுல வாங்கற எல்எல்.எம்., இங்கத்த எல்எல்.எம்.முக்குச் சமமில்லை. எல்எல்.பி. கேக்காம நடத்தற படிப்புக்கு எல்எல்.எம்.னு பேரே வைக்கக் கூடாதுன்னும் அதே விதியில இருக்கு. அந்தப் பட்டத்தோட அம்மணி ஊர் திரும்பினா கோர்ட்ல ஆஜராக முடியாது, சட்டக் கல்லூரியில வாத்தியாராவும் சேர முடியாது. லோன் மட்டும் ரெண்டு நாட்டுலயும் செல்லும்.

எல்எல்.எம்.ங்கறது ஒரு துறையில ஆழமாப் போறவங்களுக்கும், கல்லூரியில பாடம் நடத்த நினைக்கறவங்களுக்குமான படிப்பு. ஒப்பந்தச் சட்டமும் சிவில் நடைமுறையும் தெரியாம அதுல உட்கார்றது, பாவு ஓட்டாத தறியில ஊடையை வீசற மாதிரிங்க.

சரி, அம்மணிக்கு என்னதான் வேணும்? "ஆடிட் முடிஞ்சு வந்தா ராத்திரி பூரா ஓவர்டைம் ரெஜிஸ்டர் பத்தியே பேசிட்டிருக்கா"ன்னு ஒரு வரி போற போக்குல எழுதியிருக்கீங்க பாருங்க, எனக்கு விசயம் அங்கதான் புரிஞ்சுது. பையர் அனுப்பற ஆடிட்டர் வந்து உட்கார்ந்ததும் வருகைப் பதிவேடு, சம்பளப் பதிவேடு, பி.எஃப்., இ.எஸ்.ஐ. சலான் எல்லாத்தையும் மேசைக்குக் கொண்டுவரச் சொல்லுவார். அதோட விடமாட்டார். லைன்ல தைச்சுட்டிருக்கற ஒரு பொண்ணைத் தனியாக் கூப்பிட்டு, "நேத்து எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போனீங்க?"ம்பார். ரெஜிஸ்டர்ல ஆறு மணின்னு இருக்கும், அந்தப் பொண்ணு ஒன்பதும்பா. அந்த மூணு மணி நேரத்துக்கும் பதில் சொல்ல வேண்டிய நாற்காலியில உங்க அம்மணி உட்கார்ந்திருக்குது. அதுக்குச் சட்டத்து மேல ஆசை வந்ததுல ஆச்சரியமில்லை. நாலு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21-ல அமலுக்கு வந்துடுச்சு. பழைய ஆளுங்களும் புதுசாத்தான் படிச்சுட்டிருக்காங்க. நுழையறவங்களுக்கு இது நல்ல நேரம்.

அதனால அம்மணிகிட்ட ஒண்ணே ஒண்ணு கேளுங்க. கறுப்புக் கவுன் மாட்டி லேபர் கோர்ட்ல வாதாடணுமா, இல்லை இதே கம்பெனி வேலையில சட்டம் தெரிஞ்ச ஆளா மேல வரணுமா?

ரெண்டாவதுன்னா வேலையை விடவே வேண்டியதில்லை. பெங்களூரு தேசிய சட்டப் பள்ளி, எம்.பி.எல்.னு வணிகச் சட்டத்துல ரெண்டு வருச முதுநிலைப் படிப்பைத் தொலைநிலையில நடத்துது. எந்த டிகிரி இருந்தாலும் சேரலாம். ஐதராபாத் நல்சார் சட்டப் பல்கலைக்கழகத்துலயும் இப்படி சில எம்.ஏ. படிப்புகள் இருக்கு, நம்ம அம்மணிக்கு அதுக அவ்வளவு பொருந்தாது. எம்.பி.எல். முடிச்சா வக்கீல் ஆக முடியாதுங்கறதை மட்டும் தெரிஞ்சுட்டுச் சேரட்டும். இன்னொரு வழி, டெக்னிகல் டிகிரிக்காரங்க நிறையப் பேருக்குத் தெரியாதது: மத்தவங்க கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை வாங்கித் தர்ற பேட்டன்ட் ஏஜென்ட் ஆகறதுக்கான தேர்வு. 1970-ஆம் வருசக் காப்புரிமைச் சட்டம் அதுக்குக் கேக்கறது அறிவியல் இல்லைன்னா இன்ஜினியரிங், டெக்னாலஜி டிகிரிதான், எல்எல்.பி. கேக்கலை. பம்பும் மோட்டாரும் செய்யற கோயமுத்தூர்ல இதை இன்னும் நாலு பேர் எழுதலாம். என்ன, அறிவிப்பு வருசா வருசம் ஒழுங்கா வர்றதில்லை.

கவுன்தான் வேணும்னா மூணு வருச எல்எல்.பி. தவிர குறுக்கு வழி கிடையாதுங்க. கோயமுத்தூர், சேலம், நாமக்கல்ல அரசு சட்டக் கல்லூரி இருக்கு. டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் மூலமாச் சேர்க்கறாங்க. நுழைவுத் தேர்வு இல்லை, டிகிரி மார்க்கை வெச்சுத் தரவரிசை. பொதுப் பிரிவுக்கு 45 சதவீதம், பிற்படுத்தப்பட்டோருக்கு 42, எஸ்.சி., எஸ்.டி.க்கு 40 இருந்தா விண்ணப்பிக்கலாம். பத்தாவது, ப்ளஸ் டூ, டிகிரின்னு வரிசையாப் படிச்சிருக்கணும். ப்ளஸ் டூ படிக்காம திறந்தநிலையில டிகிரி வாங்கினவங்க மாட்டிக்குவாங்க, உங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. அரசு கல்லூரியோட வருசக் கட்டணம், அம்மணி பி.டெக்.ல ஒரு செமஸ்டருக்குக் கட்டினதுக்குப் பக்கத்துல கூட வராது.

கஷ்டம் வருகைப் பதிவுல இருக்கு. 70 சதவீதம் வேணும். எல்எல்.பி.யைத் தபால்லயும் ஆன்லைன்லயும் படிக்க முடியாது. பகல் கம்பெனியும் பகல் கல்லூரியும் ஒண்ணா ஓடாதுங்க, வேலையை விட்டாகணும். "பணத்தைக் கட்டுங்க, பரீட்சைக்கு மட்டும் வந்தாப் போதும்"னு வெளி மாநிலக் கல்லூரி பேரைச் சொல்லிட்டு ஆள் வருவாங்க. லெட்டர்பேட் காலேஜ்னு வக்கீலுங்களே கிண்டல் பண்ற சரக்கு அது. டிகிரி வந்தாலும் பார் கவுன்சில்ல பதிவு செய்யும்போது தோண்டுவாங்க.

பதிவுக் கட்டணத்தைப் பத்திப் பயப்பட வேண்டாம். 2024 ஜூலையில உச்ச நீதிமன்றம், பொதுப் பிரிவுக்கு 750 ரூபாய்க்கு மேல வாங்கக் கூடாதுன்னு சொல்லிடுச்சு. அப்புறம் வக்கீலாத் தொழில் செய்யறதுக்கு எழுத வேண்டிய அகில இந்திய பார் தேர்வு. அதுக்கும் அப்புறம் வர்ற மூணு நாலு வருசம்தான் உங்க வீட்டுக்குப் பாடு. சீனியர்கிட்ட ஜூனியரா இருக்கறப்ப, இப்போ வாங்கற சம்பளத்துல பாதி கைக்கு வந்தாலே பெரிசு.

இவ்வளவும் தெரிஞ்சும் என்னைக் கேட்டா எல்எல்.பி.ன்னுதான் சொல்லுவேன். 2011 ஜனவரியில நொய்யல் ஆத்து மாசு வழக்குல சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவு போட்டதை நீங்க மறந்திருக்க மாட்டீங்க. அந்த மாதிரிக் கேஸ் கட்டுல பாதி சட்டம், பாதி சாயக்கழிவு, டி.டி.எஸ்.ங்கற தண்ணியில கரைஞ்ச உப்பு அளவு, சுத்திகரிப்புக் கணக்கு. டெக்ஸ்டைல் படிச்ச வக்கீல் அதை யார் துணையும் இல்லாமப் படிச்சுடுவாங்க. அப்படிப்பட்டவங்க நம்ம பக்கம் குறைச்சல். எல்எல்.எம். ஆசை அப்பவும் விடலைன்னா தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான கிளாட் முதுநிலை நுழைவுத் தேர்வு எழுதி நல்ல கல்லூரியில சேரட்டும், இங்கிலாந்துக்கே போனாலும் சரி, அந்தப் பட்டத்துக்கு அப்பத்தான் மதிப்பு.

கல்யாணப் பேச்சு தள்ளிப் போகுமேன்னு எழுதியிருக்கீங்க. அது என் பாடமில்லைங்க அக்கா. மூணு வருச எல்எல்.பி.க்கு இங்க வயசு வரம்பு இல்லைங்கறதை மட்டும் சொல்லி வெக்கிறேன்.

ஏஜென்சிக்கு அட்வான்ஸ் ஏதாச்சும் கொடுத்திருந்தா, "இந்தப் பட்டத்தை வெச்சு இந்தியாவுல வக்கீலாப் பதிவு செய்யலாமா"ன்னு எழுத்துல பதில் கேளுங்க. எழுதித் தரமாட்டாங்க, அதைச் சொல்லியே பணத்தைத் திருப்பிக் கேளுங்க. அம்மணியை ப்ளஸ் டூ, டிகிரி மார்க்‌ஷீட், சாதிச் சான்றிதழ் எடுத்துட்டு ஒரு ஞாயித்துக்கிழமை வரச் சொல்லுங்க. நீங்க வெளியில உட்காருங்க, அதுகிட்டத் தனியாக் கொஞ்சம் பேசணும்.