திரை இருண்டபின் எழும் கைத்தட்டல்: கேள்வி பதில்

கேள்வி: நடித்தவரோ இயக்கியவரோ அரங்கில் இல்லாதபோதும் படம் முடிந்ததும் பலர் கைதட்டுகிறார்கள். அது யாருக்காக?

பதில்: பெரும்பாலும் பக்கத்து இருக்கையில் இருப்பவருக்காக என்றே நான் கருதுகிறேன். நாடகத்தில் கைத்தட்டலை ஏற்றுக்கொள்ள நடிகர் மேடையில் நின்று தலைவணங்குகிறார். திரையரங்கில் அப்படி யாருமில்லாததால், இரண்டு மணி நேரம் இருட்டில் முகம் பாராமல் சேர்ந்து சிரித்தும் கலங்கியும் இருந்தவர்கள், 'உங்களுக்கும் அப்படித்தானே இருந்தது?' என்று கேட்டுக்கொள்ளும் வழியாகவே அது ஆகிவிடுகிறது. அதே படத்தை வீட்டில் தனியாகப் பார்ப்பவர் எவ்வளவு நெகிழ்ந்தாலும் கைதட்டுவது அரிது.

கேள்வி: இப்பழக்கம் நாடகத்திலிருந்து வந்ததா?

பதில்: ஆம். திரைப்பட முன்னோடிகளான பிரான்சின் லூமியர் சகோதரர்கள் 1895 டிசம்பர் 28 அன்று பாரிஸில் கட்டணம் பெற்றுப் படம் காட்டிய பிறகு, பல ஆண்டுகள் நாடக அரங்குகளிலும் பல்சுவை நிகழ்ச்சிகளின் நடுவிலும்தான் படங்கள் ஓடின. கைதட்டிப் பழகிய கூட்டமே அங்கும் அமர்ந்திருந்தது. மௌனப்படக் காலத்தில் திரைக்கு முன்னால் பியானோக் கலைஞரோ வாத்தியக் குழுவோ நேரில் வாசித்ததால், பாராட்டைப் பெற்றுக்கொள்ள ஆளும் இருந்தார்கள். 1920களின் இறுதியில் பேசும்படம் அவர்களுடைய வேலையைப் பறித்தது. பழக்கம் மட்டும் எஞ்சியது.

கேள்வி: சுமாரான படத்துக்கும் சில சமயம் பலத்த கரவொலி எழுகிறதே?

பதில்: கைத்தட்டல் தொற்றிக்கொள்ளும் இயல்புடையது. சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களைச் சிறு குழுக்களாக உட்காரவைத்து உரை கேட்கச் செய்து, அதன் முடிவில் அவர்கள் தட்டியதைப் படம்பிடித்துப் பார்த்தார்கள். ஒருவரைத் தட்டத் தூண்டியது, அருகில் இருப்பவர் தட்டுகிறாரா என்பதைவிட, அறையில் மொத்தம் எத்தனை பேர் தட்டிக்கொண்டிருந்தார்கள் என்பதுதான், நிறுத்தியதும் அவ்வாறே. திரையரங்கில் இதைக் கண்ணெதிரே காணலாம். கடைசிக் காட்சி இருண்டதும் ஓரிரு நொடி அமைதி நிலவும். பின்வரிசையில் யாரோ இரண்டு முறை தட்டிவிட்டுத் தயங்குவார். மூன்றாவது தட்டலுக்குத் துணை கிடைத்தால் அரங்கமே சேர்ந்துகொள்ளும், கிடைக்காவிட்டால் அந்தக் கைகள் தூசி தட்டுவதுபோல் மடியில் இறங்கிவிடும். 19ஆம் நூற்றாண்டுப் பாரிஸ் நாடக அரங்குகள் 'கிளாக்' என்ற கூலிக் கைதட்டிகளை அமர்த்தியது இந்தச் சூட்சுமம் தெரிந்துதான்.

கேள்வி: திரைப்பட விழாக்களில் நிமிடக்கணக்கில் எழுந்து நின்று தட்டுவது ஏன்?

பதில்: அங்கே படைத்தவர்கள் அரங்கிலேயே இருக்கிறார்கள். கண்கலங்கி நிற்கும் இயக்குநரின் முகத்துக்கு எதிரே முதலில் கையை நிறுத்தும் ஆளாக இருக்க யாருக்கும் மனம் வராது. ஆகவே நிமிடங்களை வைத்துப் படத்தை எடைபோடுவதை நான் ஏற்பதில்லை. எதிர்ப்பும் அப்படித்தான்: 1960இல் பிரான்சின் கான் திரைப்பட விழாவில் இத்தாலிய இயக்குநர் அந்தோனியோனியின் 'லாவென்துரா' படம் பார்வையாளர்களின் ஏளனக் கூச்சலுக்கு ஆளானது, அதே விழாவிலேயே நடுவர் குழுவின் பரிசையும் பெற்றது.

கேள்வி: தட்டாமல் எழுந்து போவது மரியாதைக் குறைவா?

பதில்: இல்லை. சில படங்களுக்குப் பிறகு கையைத் தூக்கவே தோன்றாது. பெயர்ப்பட்டியல் முடியும்வரை உட்கார்ந்திருப்பதும் பாராட்டுத்தான். ஒலிக்கலவைக் கலைஞரின் பெயர் ஓடும்போது மட்டும் ஓரத்திலிருந்து ஒற்றைக் கைத்தட்டல் கேட்டால், அவருடைய வீட்டார் யாரோ வந்திருக்கிறார்கள் என்று கொள்ளலாம்.