காமா வெலோரம் படத்தில் தடித்த பட்டைகள்: ஃபோகஸ் பிழையா?

கேள்வி: டிஎஸ்எல்ஆர் கேமராவில் மில்லிமீட்டருக்கு 100 கோடுகள் கொண்ட கிரேட்டிங் (ஒளியை நிறங்களாகப் பிரிக்கும் தகடு) பொருத்தி காமா வெலோரம் நட்சத்திரத்தின் நிறமாலையைப் படமெடுத்தேன். மெல்லிய கறுப்புக் கோடுகள் இல்லை. நீலத்திலும் மஞ்சளிலும் தடித்த, பிரகாசமான பட்டைகள்தான் விழுகின்றன. கிரேட்டிங் கெட்டுவிட்டதா?

பதில்: இல்லை, படத்தை அழித்துவிடாதீர்கள். அந்தப் பட்டைகள் நட்சத்திரக் காற்றிலிருந்து, அதாவது நட்சத்திரம் வெளியே வீசும் வாயுவிலிருந்து வருபவை.

சந்தேகம் தீர, அதே இரவில் அதே ஃபோகஸில் சிரியஸை ஒரு படம் எடுங்கள். ஹைட்ரஜனின் கறுப்புக் கோடுகள் அதில் தெரிந்தால் கருவியில் குறையில்லை.

காமா வெலோரம் உண்மையில் ஒன்றையொன்று 78.5 நாளில் சுற்றும் இரட்டை. பட்டைகள் அதிலுள்ள வுல்ஃப்-ராயே நட்சத்திரத்துடையவை. 1867இல் பாரிஸில் சார்ல்ஸ் வுல்ஃபும் ஜார்ஜ் ராயேயும் சிக்னஸ் விண்மீன் மண்டலத்தில் இதே போன்ற பட்டைகளோடு மூன்று நட்சத்திரங்களைக் கண்டார்கள். பெயர் அப்படி வந்தது.

இங்கே காற்றைத் தள்ளுவது ஒளி. கார்பன், இரும்பு போன்றவற்றின் அயனிகள் (எலக்ட்ரான் இழந்த அணுக்கள்) தமக்குரிய அலைநீளத்தில் மட்டும் ஒளியை விழுங்கி, வெளிப்பக்கம் உந்தப்படுகின்றன. கீழே உள்ள வாயு அந்த ஒளியை முன்பே விழுங்கியிருக்குமே என்று கேட்கலாம். வேகம் கூடக்கூட, டாப்ளர் விளைவால் அயனி விழுங்கும் நிறம் சற்று நகர்கிறது. மர நிழலிலிருந்து வெயிலுக்கு வந்தவர்போல, யாரும் தொடாத ஒளி அதற்குக் கிடைக்கிறது. அப்புறம் இன்னும் வேகம். எனக்கு இயற்பியலில் மிகப் பிடித்த இடங்களில் இது ஒன்று.

இப்படி ஆண்டுக்கு சூரிய நிறையில் சுமார் ஒரு லட்சத்தில் ஒரு பங்கு வெளியேறுகிறது. அதாவது மூன்று பூமிகள் அளவு! இரட்டையில் ஒரு காலத்தில் பெரியதாக இருந்த இந்த நட்சத்திரம் இன்று சுமார் 9 சூரிய நிறைதான். துணையோ 28 அளவில் இருக்கிறது. மேலே இருந்த ஹைட்ரஜன் போர்வை போய்விட்டதால், உள்ளே ஹீலியம் எரிந்து உண்டான கார்பன் வெளியே தெரிகிறது. உங்கள் மஞ்சள் பட்டை அந்தக் கார்பன்தான். நீலப் பட்டையில் ஹீலியமும் கலந்திருக்கும்.

வாயுவின் ஒரு பகுதி நம்மை நோக்கியும் ஒரு பகுதி விலகியும் பாய்வதால் கோடு இருபுறமும் விரிகிறது. மஞ்சள் பட்டை 580 நானோமீட்டர் அருகே இருக்கும். நொடிக்கு 1,500 கி.மீ. வேகம் என்றால் பக்கத்துக்கு 2.9 நானோமீட்டர் விரியும். உங்கள் படத்தில் அகலத்தை அளந்து பாருங்கள். கருவியே சேர்க்கும் மங்கலையும் கணக்கில் எடுக்க வேண்டும். அதற்கு, நிறங்களாகப் பிரியாமல் அதே படத்தில் நேராக விழும் நட்சத்திரப் புள்ளியின் அகலத்தை அளந்துகொள்ளுங்கள்.

மறுபடி எடுக்க மார்ச் முதல் பாதி நல்லது. தமிழ்நாட்டிலிருந்து பார்த்தால் இரவு 9 மணி வாக்கில் தெற்கே 30 முதல் 35 டிகிரி உயரத்தில், அகத்திய நட்சத்திரத்துக்கு இடப்பக்கம், கை நீட்டிப் பிடித்த இரண்டு முஷ்டி தூரத்தில் நிற்கும்.